பிள்ளைக்கு வாங்குங்கள்... முதலில் நீங்கள் படியுங்கள்!

பதின்மூன்று வயது டேவிக்கு உலகத்தில் மிச்சமிருப்பது ஒரு நாய்தான். வளர்த்த பாட்டி இறந்துவிட்டார். நியூயார்க்கில் இருக்கும் குடிப்பழக்கமுள்ள அம்மாவிடம் அவனைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே பள்ளியில் ஒரு நண்பன் கிடைக்கிறான். ஒருநாள் விளையாடிக்கொண்டிருக்கும்போது இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பின்னொரு நாள் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து வீடு ரெண்டுபடுகிறது. பிரிந்து வாழும் அப்பாவை வரவழைக்கிறார். அப்பா மகனை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அம்மா நாயை வெளியே அழைத்துப் போகிறார். அது காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்த காரியத்துக்கான தண்டனைதான் இது என்று பையன் நம்பிவிடுகிறான்.

ஜான் டோனோவன் எழுதிய இந்த நாவல் 1969-ல் அமெரிக்காவில் வெளியானது. 'ஐ'ல் கெட் தேர். இட் பெட்டர் பி வொர்த் தி ட்ரிப்' என்று நீளமான பெயர். தன்பாலீர்ப்பை வெளிப்படையாகத் தொட்ட முதல் இளையோர் நாவல் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த நாவல்கள் பலவற்றில் கார் விபத்து, மாரடைப்பு, தனிமை என்று ஏதோ ஒன்று தன்பாலீர்ப்புள்ள பாத்திரத்தின் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. ஆசிரியர்களுக்குக் கருணை இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளை நன்றாக வாழ்ந்து முடிப்பதாக எழுத அன்றைக்குத் துணிச்சல் போதவில்லை.

டோனோவனின் நாவலில் எனக்குப் பிடித்த இடம் அந்த அப்பா. அவர் கத்தவில்லை. மகனை அடிக்கவில்லை. அந்தக் காலத்து மனிதருக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்துகொண்டு, மகனோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசுகிறார். அந்தச் சில பக்கங்களால்தான் நாவல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் வரும் நாவல்களை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கதையில் அந்தப் பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? அம்மா, அப்பா, சித்தி, வாத்தியார், தலைமையாசிரியை. தன்பாலீர்ப்புள்ள பிள்ளை, திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தன்னை உணரும் பிள்ளை, எந்தப் பெயரிலும் அடங்காமல் தடுமாறும் பிள்ளை, யாராக இருந்தாலும் அவர்கள் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பெரும்பாலும் இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே இவை பிள்ளைகளுக்கான நாவல்கள் என்றாலும், பெற்றோரும் ஆசிரியர்களும் முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எரிக்கப்பட்ட புத்தகம்

நான்சி கார்டன் பள்ளி நாட்களில் தன்னைப் போன்ற பெண்கள் வரும் கதையைத் தேடி அலைந்தவர். கையில் கிடைத்தது ராட்கிளிஃப் ஹால் 1928-ல் எழுதிய துயர நாவல். அன்றே ஒரு முடிவு எடுத்தார்: இரண்டு பெண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்திருக்கும் கதையைத் தானே எழுதுவது. 1982-ல் 'ஆனி ஆன் மை மைண்ட்' வந்தது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சந்திக்கும் லைசா, ஆனி என்ற இரு மாணவிகளின் கதை. லைசா கட்டடக் கலை படிக்க ஆசைப்படுகிறவள், ஆனி பாடுகிறவள். அவர்கள் காதல் வெளியே தெரியவரும்போது லைசாவின் பள்ளி நிர்வாகம் ஒரு விசாரணையே நடத்துகிறது. லைசா தப்பிக்கிறாள். ஆனால் அதே பள்ளியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவரும் இரண்டு ஆசிரியைகளுக்கு வேலை போகிறது. வேலையை இழந்த அந்த இருவரும் லைசாவையும் ஆனியையும் குற்றம் சொல்லாமல் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கும் இடத்தை, ஆசிரியப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். முடிவில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொலைபேசி மணி ஒலிக்கிறது. யாரும் சாகவில்லை.

அதன்பின் நடந்தது இன்னொரு கதை. 1993-ல் ஓர் அமைப்பு கான்சஸ் நகரைச் சுற்றியுள்ள 42 பள்ளிகளுக்கு இந்த நாவலை அன்பளிப்பாகத் தந்தது. எதிர்ப்பாளர்கள் கல்வி அலுவலகத்தின் முன்னாலேயே ஒரு பிரதியைக் கொளுத்தினார்கள். ஒலேத்தே என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், பல ஆண்டுகளாக அமைதியாக நூலகத்தில் இருந்த பழைய பிரதியையும் சேர்த்து எடுத்துவிட்டது. அந்தப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். பெற்றோரும் சேர்ந்து தொடுத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1995-ல் நீதிபதி தாமஸ் வான் பெபர் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது.

முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சண்டை ஓயவில்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதிகமான எதிர்ப்பைச் சந்தித்த நூல் மாயா கோபாபேயின் 'ஜெண்டர் க்வியர்' என்ற சித்திர சுயசரிதை. ஹங்கேரியில் 2023-ல் ஒரு பெரிய புத்தகக் கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் விதித்தார்கள். 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற சித்திர நாவலை மூடிய உறை போடாமல் இளையோர் பிரிவில் வைத்து விற்றதுதான் குற்றம்.

இரண்டு அப்பாக்கள், ஒரு அத்தை

"இதையெல்லாம் படித்தால் நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடாதா?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுகிறது. அக்கறையில் எழும் கேள்விதான், மரியாதையாகவே பதில் சொல்லலாம். பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் என்ற எழுத்தாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிக வம்சாவளி அமெரிக்கர். இறையியல் படித்துக் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தார். அதிலிருந்து விலகி ஒரு பெண்ணைத் திருமணம் செய்து பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் தன் ஈர்ப்பு ஆண்கள்மீது என்பதை வெளியே சொன்னார். வேதம், கவிதை, காவியம் என அவர் படித்த எந்தப் புத்தகமும் அவரை மாற்றிவிடவில்லை. ஒளித்துவைக்க மட்டுமே கற்றுக்கொண்டார். அந்த அரை நூற்றாண்டு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் 2012-ல் எழுதியதுதான் 'அரிஸ்டாட்டில் அண்ட் டான்டே டிஸ்கவர் தி சீக்ரெட்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்'. ஒரே ஒரு நாவல்தான் வாங்க முடியும் என்று சொல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் இது.

1987-ம் ஆண்டின் கோடை. டெக்சாஸ் மாநில எல்லை நகரமான எல் பாசோ. நீச்சல் தெரியாத அரி பொதுக் குளத்துக்கு வருகிறான். நீந்தத் தெரிந்த டான்டே கற்றுத்தருகிறேன் என்கிறான். இருவர் பெயருமே பெரிய மனிதர்களின் பெயர் என்று சிரிப்பதில் தொடங்குகிறது நட்பு. டான்டே எதையும் கொட்டிவிடுகிறவன், அழுவதற்கு வெட்கப்படாதவன். அரி எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டுகிறவன். அரியின் அப்பா வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். போரைப் பற்றி வாய் திறக்க மாட்டார். சிறையில் இருக்கும் அண்ணனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவன் புகைப்படம்கூடச் சுவரில் இல்லை. பேசாத வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன்னிடமே பேசத் தெரியாமல் போகிறது. முந்நூற்றுச் சொச்சப் பக்கங்களுக்கு அரி தன் காதலைத் தானே கண்டுகொள்ளாமல் திரிகிறான். வாசகருக்கு எப்போதோ தெரிந்துவிடுகிறது.

இந்த நாவலில் இரண்டு காட்சிகளைச் சொல்லாமல் போக முடியாது. அரியின் அத்தை ஒஃபீலியா இறந்துபோகிறார். இறுதிச் சடங்குக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. ஏனென்று பெற்றோரைக் கேட்கிறான். அத்தை பல ஆண்டுகள் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தவர் என்கிறார்கள். சிறுவயதில் தன்னைத் தூக்கி வளர்த்த, தான் உயிராய் நேசித்த அத்தையை இத்தனை பேர் ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. நம் ஊரில் கல்யாண வீட்டுப் படங்களில் இல்லாத உறவினர்களை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த அத்தை புதியவர் அல்ல.

இன்னொன்று கிட்டத்தட்டக் கடைசியில் வருகிறது. அப்பாவும் அம்மாவும் அரியை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அவன் ஓடிக்கொண்டிருப்பது தன்னிடமிருந்துதான் என்பதை அப்பாதான் எடுத்துச் சொல்கிறார். அந்தப் பேச்சைத் தொடங்குவதற்காக, அவர் முதன்முறையாகப் போரைப் பற்றிய தன் வலியையும் திறந்து காட்டுகிறார். வழக்கமாக இம்மாதிரிக் கதைகளில் பிள்ளை உண்மையைச் சொல்லும், பெற்றோர் அதிர்ச்சி அடைவார்கள். இங்கே பெற்றோர் முன்னால் போய் நின்று பிள்ளையை வரவேற்கிறார்கள். இதற்கு 2021-ல் ஒரு தொடர்ச்சியும் வந்தது. முதல் நாவலின் கட்டுக்கோப்பு அதில் இல்லை. முதலாவதே போதும்.

எதிர்த் திசையில் நிற்பது மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப்'. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் இலக்கியப் பிரிவில் 2021-ல் பெற்ற நாவல். 1954, சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுன். ராக்கெட்டுகள்மீது பித்துக்கொண்ட பதினேழு வயது லில்லி, உடன் படிக்கும் கேத்லீனோடு ரகசியமாக ஒரு கிளப்புக்குப் போகிறாள். அங்கே ஆண் உடை அணிந்து மேடையில் பாடும் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று தெளிகிறது. அதே நேரத்தில் வீட்டில் வேறு பயம். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம் அது. ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால், மருத்துவரான அப்பாவின் குடியுரிமைத் தாள்களை அரசு பறித்து வைத்திருக்கிறது. ஊர் பார்க்கிறது, அரசு பார்க்கிறது, ஒரு தவறு நடந்தாலும் குடும்பமே நாடு கடத்தப்படலாம். கிளப்பில் போலீஸ் நுழைந்து விஷயம் வெளியே வரும்போது லில்லியின் அம்மா நடந்துகொள்ளும் விதம் கொடூரமானது. ஆனால் அந்தக் கொடூரம் எந்த அச்சத்திலிருந்து பிறக்கிறது என்பதையும் லோ விடாமல் காட்டுகிறார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் பல பக்கங்கள் சுடும். லில்லிக்குக் கதவைத் திறப்பவர் அத்தை ஜூடி. விண்வெளி ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடும் வேலை பார்ப்பவர். வீட்டில் பெற்றோர் தவறும் இடத்தில் ஒரு அத்தையோ மாமாவோ போதும் என்பதை நான் நம்புகிறேன்.

கொழும்பு, 1980

ஷியாம் செல்வதுரை என்றால் எல்லோரும் 'ஃபன்னி பாய்' என்பார்கள். 1983 கலவரத்தில் முடியும் அந்த நாவல் பெரியவர்களுக்கானது. பதின்வயதினருக்காகவே அவர் எழுதிய நாவல் ஒன்று இருக்கிறது. 2005-ல் வந்த 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ'. தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பில் பிறந்து, 1983-க்குப் பிறகு குடும்பத்தோடு கனடா சென்றவர் செல்வதுரை. தான் விட்டுவந்த ஊரைக் கலவரத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்திய மழைக்காலத்தில் நிறுத்திவைத்து எழுதியிருக்கிறார்.

பதினான்கு வயது அம்ரித் பெற்றோரை இழந்தவன். அம்மாவின் நெருங்கிய தோழியான பண்டில் ஆன்ட்டி வீட்டில் வளர்கிறான். அங்கே அன்புக்கோ வசதிக்கோ குறைவில்லை. ஆனால் அம்மாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் இறுகிப்போகிறான். அப்போது கனடாவிலிருந்து, இதுவரை பார்த்திராத மாமா மகன் நிரேஷ் வருகிறான். மந்தமாக நகர்ந்த விடுமுறை சட்டென்று ஒளி பெறுகிறது. கடற்கரை, ஊர்சுற்றல், இரவுப் பேச்சு. நிரேஷ், அந்த வீட்டுப் பெண் மாலாவிடம் ஈர்க்கப்படும்போதுதான் அம்ரித்துக்குத் தனக்குள் இருப்பது என்னவென்று புரிகிறது. பள்ளி நாடக மேடையில் அம்ரித் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பது ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. பொறாமை மேடையிலிருந்து இறங்கிக் கடலுக்குள் வரும் அத்தியாயத்தில் என் கை நடுங்கியது உண்மை. செல்வதுரை தன் நாயகனைப் புனிதனாக்கவில்லை. காதலிக்கிற பிள்ளைக்குக் கோபமும் வரும், கேடு செய்யவும் தோன்றும் என்பதை மறைக்கவில்லை. அதனாலேயே அம்ரித் நம் பக்கத்து வீட்டுப் பையன்போல இருக்கிறான்.

அந்த வீட்டுக்கு வந்துபோகும் வயதான கட்டடக் கலைஞர் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஊரில் அவரைப் பற்றிக் கிசுகிசு உண்டு. தன்னைப் போன்ற ஒரு பெரியவர் எப்படி இருப்பார் என்று அறிய அம்ரித்துக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான். அவரைப் பற்றியோ கேலியும் அருவருப்பும்தான் காதில் விழுகின்றன. உறவுக்காரர் ஒருவரைப் பற்றி நாம் உணவு மேசையில் சிரித்துப் பேசுவதைப் பக்கத்தில் இருந்து சாப்பிடும் பிள்ளை எப்படிக் கேட்கிறது என்பதை இந்த நாவல் எனக்குக் காட்டியதுபோல வேறெதுவும் காட்டவில்லை. பண்டில் ஆன்ட்டி நல்லவர், மிக நல்லவர். ஆனாலும் அவரிடம் அம்ரித்தால் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில்

இந்திய ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் 2014-ல் வந்தன. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பர் 6-ம் தேதி. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே சிறார் பதிப்பாளர்கள் இதைத் துணிந்து வெளியிட்டார்கள் என்பதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' ஒரு பள்ளி மாணவியின் தற்கொலை முயற்சியிலிருந்து தொடங்குகிறது. முஸ்கான் பேசுவதே இல்லை. ஆலியா, பிரதீக், சுபோஜாய் என்ற வகுப்புத் தோழர்கள் மூவர் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் அவரவர் பங்கு வெளிப்படுகிறது: ஒதுங்கிக்கொண்டவர், சீண்டியவர், பார்த்துக்கொண்டிருந்தவர். பணமும் வர்க்கமும் நட்புக்குள் எப்படிப் புகுந்து விளையாடுகின்றன என்பதையும் சங்கர் கூர்மையாகப் பிடித்திருக்கிறார். கதையில் பெரியவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை; அதுதான் அதன் குற்றச்சாட்டு என்று படித்தேன். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் படித்துவிட்டு வகுப்பில் விவாதிக்கத் தகுந்த நூல். மனம் உடைந்திருக்கும் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கூட இருந்து படியுங்கள். அப்படிப்பட்ட நெருக்கடியில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணிலோ 104-லோ தமிழிலேயே பேசலாம்.

பாயல் தாரின் 'ஸ்லைட்லி பர்ன்ட்' இலகுவானது. நெருங்கிய நண்பன் சாஹில் தன்னிடம் காதலைச் சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டிருக்கும் கோமலிடம், அவன் தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்கிறான். கோமல் மோசமாக நடந்துகொள்கிறாள். பிறகு மெல்ல மெல்லத் திருந்துகிறாள். நண்பனாக இருப்பவர்களுக்கு இந்த நாவல்.

திருநங்கை, திருநம்பி பிள்ளைகளைப் பற்றிய இளையோர் நாவல்கள் தாமதமாகவே வந்தன. ஜூலி ஆன் பீட்டர்ஸின் 'லூனா' 2004-ல் வந்தபோது அதுவே பெரிய திறப்பு. பகலில் லியமாகவும் இரவில் லூனாவாகவும் வாழும் பிள்ளையின் கதையைத் தங்கை ரீகன் சொல்கிறாள். தங்கையின் சுமை நன்றாக வந்திருக்கிறது. லூனாவின் உள்ளம் எட்டத்திலேயே நிற்கிறது. 2016-ல் மெரிடித் ரூஸோ 'இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்' எழுதியபோதுதான் ஒரு திருநங்கை எழுத்தாளர் தன்னைப் போன்ற ஒரு பெண்ணின் குரலில் நேரே பேசினார்.

ஆனால் இந்த வரிசையில் நான் கொண்டாடுவது அக்வேகே எமேஸியின் 'பெட்'. நைஜீரியாவில் பிறந்த எமேஸியின் தந்தை இக்போ இனத்தவர். தாய் மலேசியத் தமிழர். 2019-ல் வந்த இந்த நாவலின் நாயகி ஜாம் என்ற திருநங்கைச் சிறுமி. அதிகம் பேசாதவள், சைகை மொழியில் பேசுகிறவள். மூன்று வயதில் அவள் முதன்முதலாக வாய் திறந்து கத்தியது தான் பெண் என்பதைத்தான். பெற்றோர் அதைக் கேட்டார்கள், ஏற்றார்கள், தேவையான மருத்துவ வழிகளைப் பார்த்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கதை வேறு திசையில் போகிறது. லூசில் என்ற அந்த நகரத்தில் இனி அரக்கர்களே இல்லை, எல்லோரையும் ஒழித்துவிட்டோம் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அம்மா வரைந்த ஓவியத்திலிருந்து ஒரு விநோத உயிர் இறங்கி வந்து, உன் நண்பன் வீட்டில் ஓர் அரக்கன் ஒளிந்திருக்கிறான் என்கிறது. ஒரு குழந்தைக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமையைப் பெரியவர்கள் பார்க்க மறுப்பதுதான் கதையின் மையம். ஜாமின் பாலினம் யாருக்கும் பிரச்சினையாக இல்லாத ஒரு வீட்டை எமேஸி கட்டிக் காட்டியிருக்கிறார். திருநங்கைப் பிள்ளை என்றாலே அழுகையும் அடியும்தான் என்று பழகிப்போன நம் மனத்துக்கு இப்படி ஒரு வீட்டைக் கற்பனையில் பார்ப்பதே பெரிய பயிற்சி.

தமிழில் இந்தத் திசையில் தன்வரலாறுகள் உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா', ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி'. இவை நாவல்களும் அல்ல, பதின்வயதினருக்கென்று எழுதப்பட்டவையும் அல்ல. பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் பெரியவர் துணையோடு படிக்கலாம். மகனைக் கலெக்டராக்க வேண்டும் என்று அடித்துப் படிக்கவைத்த அப்பாவை வித்யா எழுதியிருக்கும் பக்கங்கள் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்கும் அந்நியமில்லை. தமிழில் பதின்வயதினருக்கான நாவல் என்ற வகையே இன்னும் மெலிந்திருக்கிறது. அம்ரித்துக்கும் ஜாமுக்கும் சமமான ஒரு பிள்ளை தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ கிள்ளானிலோ தமிழிலேயே பேச வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் இன்று இருபது வயதில் இருக்கிறார்கள். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப்போக வேண்டும்.

நாவல் படிக்கும் பழக்கமே இல்லாத பிள்ளை என்றால் ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' சித்திர வரிசையிலிருந்து தொடங்கலாம். இணையத்தில் 2016-ல் தொடர்கதையாக ஆரம்பித்து, 2022-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராக உலகம் சுற்றியது. ரக்பி விளையாடும் நிக், மென்மையான சார்லி. நிக் தன் அம்மாவிடம் சொல்லும் காட்சி சில கட்டங்களில் முடிந்துவிடுகிறது. முன்பே நீ சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டிருந்தால் மன்னித்துக்கொள் என்ற பொருளில் அந்த அம்மா பேசுவதை மட்டும் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம். பின்னால் வரும் பாகங்களில் சார்லியின் உணவுக் கோளாறும் மனநலச் சிகிச்சையும் கனமாக வருகின்றன. ஓஸ்மனின் 'லவ்லெஸ்' யார்மீதும் காதலோ காமமோ தோன்றாத கல்லூரி மாணவி ஜார்ஜியாவின் கதை. கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போன பெண்கள் வீட்டிலும் படிக்கலாம். அடிபா ஜைகிர்தாரின் 'தி ஹென்னா வார்ஸ்' டப்ளினில் வாழும் வங்கதேசக் குடும்பத்து நிஷாத்தின் கதை: மருதாணிப் போட்டி, பாட்டி, உறவுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பெற்றோரின் கவலை. பெற்றோர் மௌனத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து வருவதை அவசரப்படாமல் சொல்கிறது.

டிரங் லே குயென் வரைந்து எழுதிய 'தி மேஜிக் ஃபிஷ்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. வியட்நாமிலிருந்து அமெரிக்கா வந்த அம்மா. அங்கே வளரும் மகன். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும், மகனுக்கு அம்மாவின் மொழியில் ஆழம் போதாது. நூலகத்திலிருந்து எடுத்துவரும் தேவதைக் கதைகளை ஒருவருக்கொருவர் வாசித்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். தன்னைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மகன் திணறுகிறான். பள்ளியிலோ அதைச் சொல்லாதே என்று அவனைப் பயமுறுத்துகிறார்கள். கடைசியில் அம்மா ஒரு பழைய கதையை எடுத்து, அதன் முடிவை மாற்றிச் சொல்லித் தன் பதிலைத் தருகிறார். தாய்மொழி தடுமாறும் பேரப்பிள்ளைகளோடு வாழும் தாத்தா பாட்டிகளும் இதைப் பார்க்கலாம். பாதிக்கு மேல் படங்களே பேசிவிடும்.

நம் ஊரில் ஒரு பெரியவரைச் சொல்லியாக வேண்டும். மதுரையிலிருந்து வீட்டாருக்குப் பயந்து சென்னை வந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தனக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகே 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவை எழுதினார். பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்ததோடு, பள்ளிகளுக்கும் அதில் யோசனைகள் உண்டு. பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டங்களைப் பயன்படுத்திப் பெற்றோருக்கு இதைப் புரியவைக்கலாம் என்பது அவற்றில் ஒன்று.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு மேசை போதும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அரியும் அம்ரித்தும், ஆசிரியர்களுக்கு முஸ்கானும் லைசாவும், படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு 'ஹார்ட்ஸ்டாப்பர்' முதல் பாகம். ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுத்தவருக்குக் கைமாற்றட்டும். தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்குச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட கனக் சசியின் 'குட்லி ஹேஸ் விங்ஸ்' என்ற படக்கதையை வையுங்கள். ஃபிராக் போட ஆசைப்படும் குட்லியை, நீ பையன் என்று வீடே தடுக்கிறது. பிள்ளையின் சிரிப்பு நின்றுபோனதைக் கவனித்த அம்மா, கடைசியில் தானே ஒரு ஃபிராக்கைக் கொண்டுவந்து தருகிறார். படித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.